சிவப்பு வண்டி, மாட்டலை

அந்த மனிதரை அடித்தவர்கள் நான்கு பேர். அவரை அவர்கள் கைக்கு அனுப்பி வைத்தவள் நான். என்னிடம் தடி இல்லை, ஒரு சொல்தான் இருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பாதிக் கதைவரை எனக்காக உச்சுக்கொட்டிவிட்டு, அப்புறம் 'அடிப்பாவி, நீயா?' என்று கேட்பீர்கள். நானேதான்.

நான் போக்குவரத்துப் போலீஸ்காரி. பதினான்கு வருஷச் சர்வீஸ், அதில் கடைசி ஆறு வருஷம் ஹெல்மெட் சோதனை. இந்த வேலையில் ஒரு சூட்சுமம் உண்டு. தடுப்பைத் தூரத்தில் பார்த்துவிட்டால் ஹெல்மெட் போடாதவன் சடக்கென்று வண்டியைத் திருப்பி எதிர்த்திசையில் பறப்பான். பறக்கிறவன் சும்மா போவானா, எதிரே வருகிற அப்பாவி ஒருவன் மேல் மோதிவிட்டுத்தான் போவான். அதனால் எங்கள் ஸ்டேஷனில் மேம்பாலத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டோம். பாலம் ஏறுகிற இடத்தில் ஓர் ஆள், டியூட்டி முடிந்து பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவள்போலச் சும்மா நிற்க வேண்டும். பாலத்தின் முதுகைத் தாண்டி, இறங்குகிற இடத்தில் சக்கரம் வைத்த இரும்புத் தடுப்பும் நான்கு ஆட்களும். ஏறுகிறவனுக்கு அந்தப் பக்கம் தெரியாது. தெரியும்போது திரும்ப வழி இருக்காது.

ஏறுகிற இடத்தில் நிற்பது நான். எனக்கும் அந்தப் பக்கம் தெரியாது. தலைகளைப் பார்த்து, வண்டியின் நிறத்தையும் ஒரே ஒரு சொல்லையும் வயர்லெஸ்ஸில் சொல்வேன். "கறுப்பு வண்டி, மாட்டலை." "பச்சை ஸ்கூட்டர், பின்னாடி உக்காந்தவங்க மாட்டலை." ஹெல்மெட்டை மாட்டவில்லை என்று முழுதாகச் சொல்வதில்லை. ஒரு நாளைக்கு நானூறு தடவை சொல்கிற விஷயத்தை யார் நீட்டி முழக்குவார்கள்? எங்கள் ஆட்களுக்கு அது போதும். வண்டியை ஓரங்கட்டுவார்கள், அபராதச் சீட்டைக் கிழிப்பார்கள், நாலு திட்டு வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள்.

அன்று அந்தப் பக்கம் நின்றவர்கள் எங்கள் ஆட்கள் இல்லை.

அன்றைக்குக் காலை ஏழு மணிக்கே ரத்தம் ஆரம்பித்துவிட்டது. ஊரின் வேறொரு மூலையில் குற்றப்பிரிவுக்காரர்கள் வீடு புகுந்து திருடிய ஒருவனை மடக்கப் போயிருந்தார்கள். அவன் சிவப்பு மோட்டார் சைக்கிளில் வந்தான். அவர்களில் இளையவன் ஒருவன், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாதவன், ஓடுகிற வண்டியின் கைப்பிடியைத் தாவிப் பிடித்தான். அவன் சட்டைக் கை பிரேக் கம்பியில் சிக்கிக்கொண்டது. திருடன் வண்டியை நிறுத்தவில்லை. இருநூறு அடி தூரம் இழுத்துக்கொண்டே போனான். வயர்லெஸ்ஸின் பொத்தான் அமுங்கியபடியே இருந்ததால் எல்லா ஸ்டேஷனிலும் அந்தப் பையனின் குரல் கேட்டது. முதலில் "நிறுத்துடா" என்றான். அப்புறம் "அம்மா" என்றான். அதற்குப் பிறகு தார் உரசுகிற சத்தம் மட்டும்தான். நான் ஸ்டேஷன் வாசலில் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தேன். போட்ட முடிச்சு நிற்கவே இல்லை.

சிவப்பு வண்டி எங்கள் பக்கமாக வருகிறது என்று தகவல் வந்தது. இன்ஸ்பெக்டர் எங்கள் நான்கு பேரையும் சந்தைச் சாலைக்கு அனுப்பிவிட்டு, அடிபட்ட பையனின் கூட்டாளிகள் நான்கு பேரைப் பாலத்தின் இறக்கத்தில் நிறுத்தினார். அவர்களின் தலைவனை எல்லோரும் மீசை என்றுதான் கூப்பிடுவார்கள். போகிற வழியில் என்னிடம் ஜீப்பை நிறுத்தினான். அவன் சட்டை முன்பக்கம் முழுக்கப் பையனின் ரத்தம் காய்ந்து பழுப்பாக இருந்தது.

"சிவப்பு வண்டி வந்தா சொல்லு. மிச்சத்தை நாங்க பாத்துக்கறோம்."

"ஆள் எப்படி இருப்பான்? குண்டா, ஒல்லியா?"

"சிவப்பு வண்டி. அவ்வளவுதான் தெரியும்."

"ஊர்ல ஆயிரம் சிவப்பு வண்டி ஓடுது சார்."

"ஆயிரத்தையும் நிறுத்துவோம். அடியாத மாடு படியாதும்மா."

எனக்கும் ஆத்திரம்தான். பொய் சொல்வானேன்? அந்தத் திருட்டுப்பயல் என் கையில் கிடைத்தால் நானும் நாலு சாத்துவேன் என்றுதான் நினைத்தேன். "பையன் எப்படி இருக்கான்?" என்று கேட்டேன். "முட்டி இல்ல" என்றான் மீசை. கால் இருக்கிறதாம், முட்டிதான் இல்லையாம். ஜீப் பாலத்தில் ஏறி மறைந்தது.

இன்ஸ்பெக்டரிடம் வயர்லெஸ்ஸில் கேட்டேன். "சார், ஹெல்மெட் பாக்கறதை நிறுத்திடட்டுமா?"

"எதுக்கு நிறுத்தணும்? அதுபாட்டுக்கு அது. ரெண்டையும் பாரு."

சரி என்றேன். இரண்டையும் பார்க்க ஆரம்பித்தேன்.

எட்டரை மணிக்கு முட்டைக்காரர் வந்தார். தினமும் அதே நேரம்தான். பழைய வண்டி, வெயிலில் வெளுத்த சிவப்பு. பின்னால் மரச்சட்டம் கட்டி, அதில் பத்துப் பன்னிரண்டு முட்டை அட்டைகளை அடுக்கிக் கயிறு போட்டிருப்பார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். ஆறு வருஷமாக அவரை நிறுத்தித் திட்டுவதும் அவர் சிரித்துவிட்டுப் போவதும் எங்களுக்கு வழக்கமாகிவிட்டது. போன வருஷம் ஒருவழியாக ஹெல்மெட் வாங்கினார். அதை அன்று பார்த்தேன். கைப்பிடியில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே முட்டை.

"என்ன அண்ணே இது? தலை வைக்கிற இடத்துல முட்டையை வெச்சிருக்கீங்க, தலையை எங்க வைப்பீங்க? அட்டையிலயா?"

"வழியில ஒரு அட்டை கிழிஞ்சு போச்சு தங்கச்சி. முப்பது முட்டை. ரோட்டுல விடச் சொல்றீங்களா? முட்டை உடைஞ்சா பேக்கரிக்காரன் கத்துவான். தலை உடைஞ்சா கத்தறதுக்கு யாரு இருக்கா?"

"வீட்ல அண்ணி இருக்காங்கல்ல?"

"அவ தலை உடையாமலே கத்துவா."

சிரித்துத் தொலைத்தேன். அவரும் சிரித்தார். "முட்டையிடற கோழிக்குத்தான் வலி தெரியும் தங்கச்சி, நமக்கென்ன" என்று ஏதோ பொருந்தாத பழமொழி ஒன்றைச் சொல்லிவிட்டு வண்டியை நகர்த்தினார். அவர் எப்போதும் அப்படித்தான், பழமொழிக்கும் பேச்சுக்கும் சம்பந்தமே இருக்காது.

அவர் ஏற ஏற எனக்குள் எரிச்சலும் ஏறியது. எத்தனை தடவைதான் விடுவது? போன மாதம் இதே பாலத்தில் ஒருவனின் மண்டையை நான்தான் துண்டால் கட்டித் தூக்கிப் போனேன். ஒரு சீட்டு வாங்கினால்தான் இந்த மனிதருக்குப் புத்தி வரும் என்று நினைத்தேன். வயர்லெஸ்ஸை எடுத்தேன்.

"சிவப்பு வண்டி, மாட்டலை."

நாக்கு ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. சிவப்பு என்ற சொல் என் வாயிலிருந்துதான் வந்தது, ஆனால் காலையில் கேட்ட சிவப்போடு என் மண்டையில் அது ஒட்டவே இல்லை. இது முட்டை அண்ணன் வண்டி. அதைப் போய் யாராவது திருடன் வண்டி என்பார்களா?

"என்னது? மாட்டலையா?" மீசையின் குரல்.

"ஆமா சார், மாட்டலை. உங்க பக்கம்தான் வந்துக்கிட்டிருக்கு."

"வரட்டும்."

அந்த 'வரட்டும்' காதில் விழுந்த பிறகுதான் எனக்குச் சுரீர் என்றது. இவர்கள் போக்குவரத்துக்காரர்கள் இல்லையே. இவர்கள் ஊரில் மாட்டுவது என்றால் திருடன் மாட்டுவது. சிவப்பு வண்டி என்னிடம் சிக்காமல் தப்பித்து வருகிறது என்று நானே என் வாயால் சொல்லியிருக்கிறேன். பொத்தானை அழுத்தி "சார், சார், ஹெல்மெட், ஹெல்மெட்டைச் சொன்னேன்" என்று கத்தினேன். அந்தப் பக்கம் யாரும் வயர்லெஸ்ஸைக் கையில் வைத்திருக்கவில்லை. இரும்புத் தடுப்பின் சக்கரம் கிறீச்சிடுகிற சத்தம் பாலத்தைத் தாண்டிக் கேட்டது. அப்புறம் ஒரு பெரிய சத்தம்.

ஓடினேன். எனக்கு நாற்பத்திரண்டு வயது, உடம்பும் கொஞ்சம் கனம். அந்தப் பாலம் அவ்வளவு நீளம் என்று அன்றுதான் தெரிந்தது. முதுகில் ஏறியதும் எல்லாம் தெரிந்தது. தடுப்பை ஓடுகிற வண்டியின் குறுக்கே தள்ளிவிட்டிருந்தார்கள். வண்டி ஒரு பக்கம், மரச்சட்டம் ஒரு பக்கம். சாலை முழுக்க மஞ்சள். நடுவில் முட்டைக்காரர் எழுந்து உட்கார்ந்து, இரண்டு கைகளையும் விரித்து, சிதறிய அட்டைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தன்னைச் சுற்றி நிற்கிறவர்களைப் பார்க்கவில்லை.

முதல் அடி தோளில். இரண்டாவது காதோரம். எண்ணுவது என் வேலை, தினமும் தலைகளை எண்ணுகிறவள், அதனால் ஓடிக்கொண்டே எண்ணினேன். எண்ண வேண்டும் என்று நினைக்கவில்லை, உள்ளே அதுவாகவே எண்ணியது. ஐந்தாவதில் அவர் குப்புற விழுந்தார். விழுந்தவரை முட்டியில் அடித்தார்கள். "எங்க பையன் முட்டி எங்கடா?" என்று ஒருவன் கேட்டுக் கேட்டு அடித்தான். முட்டைக்காரருக்கு என்ன புரிந்ததோ, "எடுத்துக்கங்க, எல்லாம் எடுத்துக்கங்க" என்றார். முட்டையைச் சொல்கிறார். அதற்கும் அடித்தார்கள். மீசை பேசவே இல்லை. விறகு பிளப்பவன்போல நிதானமாக, மூச்சு விட்டு விட்டு, தலையில் மட்டும் அடித்தான். ஒவ்வொரு அடிக்கும் ஒரு சத்தம் வந்தது. அந்தச் சத்தத்தை நான் எழுதப்போவதில்லை.

"அவன் இல்லடா! அவன் இல்லடா பாவிகளா!" என்று கத்திக்கொண்டே போய் அவர் மேல் விழுந்தேன். பதினேழு அடி விழுந்திருந்தது. பதினெட்டாவது என் வலது மணிக்கட்டில் விழுந்து எலும்பு படக்கென்று உடைந்தது.

அப்போதுதான் நின்றார்கள்.

"யாரு இவன்?" என்றான் மீசை.

"முட்டை விக்கிறவருடா! தினம் போறவரு! ஹெல்மெட் மாட்டலைன்னு சொன்னேன்டா!"

அவன் தடியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அவன் முகத்தில் வருத்தம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. சுற்றிலும் யார் பார்க்கிறார்கள் என்றுதான் பார்த்தான்.

பார்க்கிறவர்கள் நிறையவே இருந்தார்கள். பாலத்தில் பின்னால் வந்த வண்டிகள் எல்லாம் நின்றுவிட்டன. ஐம்பது பேர் இருக்கும். சட்டத்துக்குப் பயந்து ஒழுங்காக ஹெல்மெட் போட்டுக்கொண்டு வந்தவர்கள்தான் அத்தனை பேரும். முன்னால் நின்ற ஒருவன் தன் ஹெல்மெட்டைக் கழற்றினான். வாரைப் பிடித்து ஒரு சுழற்றுச் சுழற்றி எறிந்தான். அது மீசையின் முகத்தில் பட்டு மூக்கு உடைந்தது. அவ்வளவுதான், மழைபோல வந்தன. கறுப்பு, வெள்ளை, நீலம். ஹெல்மெட் எவ்வளவு கனம் என்று அது நம் மேல் விழுந்தால்தான் தெரியும். ஒருவனுக்குப் பல் போனது. இன்னொருவனைக் கீழே தள்ளி ஹெல்மெட்டாலேயே விலாவில் குத்தினார்கள். நானும் சீருடையில்தானே இருந்தேன், ஒரு பெண் பிள்ளை என்றும் பார்க்காமல் என் முதுகிலும் இரண்டு விழுந்தன. நான் நகரவில்லை. அவர் தலையை மடியில் வைத்து, கிழிந்த இடத்தை இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். விரல் உள்ளே போனது. ஐயோ, அது போயிருக்கக் கூடாத ஆழம்.

ஆம்புலன்ஸில் ஏற்றும்போது அவருடைய ஹெல்மெட் கண்ணில் பட்டது. வண்டியின் கைப்பிடியிலிருந்து கழன்று பாலத்தின் கைப்பிடிச் சுவரோரம் கிடந்தது. உள்ளே முப்பது முட்டையும் அப்படியே இருந்தன. ஒன்றுகூட உடையவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் ஓங்கி ஓர் உதை விட்டேன்.

அன்று மதியமே நிஜமான சிவப்பு வண்டிக்காரன் பிடிபட்டான். ஒரு பழச்சாறுக் கடையில் உட்கார்ந்திருந்தானாம். தலையில் ஹெல்மெட், வாரும் போட்டு இறுக்கியிருந்தானாம். தங்கமான குடிமகன்!

மருத்துவமனையில் என் கைக்கு மாவுக்கட்டுப் போட்டார்கள். முட்டைக்காரரைத் தீவிர சிகிச்சைக்குக் கொண்டுபோனார்கள். பிழைத்தால் பார்க்கலாம் என்றார் டாக்டர். வராந்தாவில் இன்ஸ்பெக்டர் ஒரு பெண்ணிடம் பேசிக்கொண்டிருந்தார். ஒல்லியான பெண், ஏதோ சலவைக்கூடத்தின் நீல மேலங்கியோடு அப்படியே ஓடி வந்திருக்கிறார். முட்டைக்காரரின் மனைவி.

"ஹெல்மெட் போடல. நிறுத்தச் சொன்னா நிறுத்தல. தடுப்பை இடிச்சிட்டு ஓடப் பாத்தாரு, விழுந்துட்டாரு. போலீஸ் மேல வண்டியை ஏத்தப் பாத்ததா கேஸ் இருக்கும்மா" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அவரு ஓடியிருக்க மாட்டாரு."

"எங்க ஆளுங்க பாத்திருக்காங்கம்மா."

"முட்டை வண்டியை யாராவது வேகமா ஓட்டுவாங்களா சார்?" அந்தப் பெண்ணின் குரல் உயரவே இல்லை. "பதினெட்டு வருஷம் சார். வேகத்தடை வந்தா இறங்கித் தள்ளிக்கிட்டுப் போறவரு. அவரு எப்படி சார் இடிப்பாரு?"

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்துக்கொண்டு நகர்ந்தார். கதவின் கண்ணாடி வழியாக நான் உள்ளே பார்த்தேன். மூக்கில் குழாய், தலை முழுக்கத் துணி. நினைவே இல்லாத மனிதரின் கணுக்காலைக் கட்டிலின் கம்பியோடு சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தார்கள். பக்கத்தில் காவலுக்கு ஒருவன் முக்காலியில் உட்கார்ந்து போனைத் தட்டிக்கொண்டிருந்தான். கண் விழித்தால் கைது.

மறுநாள் காலை இன்ஸ்பெக்டர் அறைக்குக் கூப்பிட்டார்கள். மேசைமேல் ஒரு தாள். மூக்கில் பிளாஸ்திரியோடு மீசை சுவரில் சாய்ந்து நின்றான். தாளில் இருந்தது இதுதான்: மாட்டலை என்று நான் சொன்னது தப்பி ஓடுகிறான் என்ற பொருளில்தான். அந்த நபர் தடுப்பை மோதிப் போலீசார் மேல் வண்டியை ஏற்ற முயன்றார். தானாக விழுந்தார். ஹெல்மெட் அணியாததால் தலையில் காயம்.

"சார், நான் ஹெல்மெட்டைத்தான் சொன்னேன்."

"தெரியும்மா. அந்தச் சொல்லுக்கு ரெண்டு அர்த்தம். நீ ஒண்ணை நினைச்சே, அவங்க ஒண்ணை நினைச்சாங்க. யார் மேலயும் தப்பில்ல. வேணும்னா மொழி மேல கேஸ் போடு" என்று சிரித்தார் இன்ஸ்பெக்டர்.

"சரி சார், அவங்க நினைச்ச அர்த்தத்தையே எடுத்துக்குவோம். மாட்டலைன்னா பிடிக்கணும். மாட்டலைன்னா மண்டையை உடைன்னு எந்த ஊர்ல அர்த்தம்? என் சொல்லு ஒண்ணு சார். அது என் தப்பு, நான் ஒத்துக்கறேன். இவங்க அடி பதினேழு. பதினெட்டாவது இதோ, மாவுக்கட்டுக்குள்ள இருக்கு."

சிரிப்பு நின்றுவிட்டது. "கையெழுத்துப் போடு" என்றார்.

"வலது கை உடைஞ்சிருக்கு."

"ரேகை வெச்சா போதும்" என்றான் மீசை. சுவரை விட்டு வந்து என் பின்கழுத்தைப் பிடித்து மேசைமேல் அழுத்தினான். கன்னம் மரத்தில் இடித்தது. இன்ஸ்பெக்டர் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார், அவ்வளவுதான் அவர் செய்தது. மீசை என் இடது பெருவிரலைப் பிடித்து மைப்பெட்டியில் தேய்த்தான். "பையன் முட்டி போயிருக்கு, நீ முட்டைக்காரனுக்கு அழறியாடி?" என்று காதுக்குள் சொன்னான். விரலைத் தாளுக்கு இழுத்தான். நான் விரலை மடக்கினேன். அவன் நிமிர்த்தப் பார்த்தான், நகம் பிளந்து மையோடு ரத்தமும் வந்தது. நான் ஒன்றுமே யோசிக்கவில்லை. மாவுக்கட்டுப் போட்ட வலது கையை ஓங்கி, பிளாஸ்திரி இருந்த இடம் பார்த்து ஒரு போடு போட்டேன். மூக்கு மறுபடி உடைந்தது. வலியில் எனக்குக் கண் இருண்டது. அவன் முழங்காலில் உட்கார்ந்தான். இன்னொன்றும் போட்டேன். இரண்டாவது போடு தேவையே இல்லை, ஆசைக்காகப் போட்டேன். தாளை இடது கையால் எடுத்துக் கசக்கி வாயில் திணித்துக்கொண்டு வெளியே வந்தேன். ஸ்டேஷனில் இருந்தவர்கள் எல்லாம் வழிவிட்டார்கள்.

வீட்டில் என் கணவர் லிஃப்ட் பழுதுபார்க்கிற வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். என் வாயிலிருந்த காகிதத்தைப் பார்த்துவிட்டுப் பையைக் கீழே வைத்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு விட்டுடேன்" என்றார். "கை உடைஞ்சதோட போகட்டும். அவனுங்க கொலைகாரப் பசங்க."

"வந்தது என் தலைக்கா? அவர் தலைக்குங்க. அதுவும் என் வாயால."

அவர் போய்ச் சீப்பை எடுத்து வந்தார். ஒரு கையால் பின்ன முடியாமல் காலையிலிருந்து விரித்துப்போட்ட தலையோடு இருந்தேன். சிக்கெடுத்துக் கோணல்மாணலாகப் பின்னிவிட்டார். "சொல்லு, நான் எழுதறேன்" என்று பேனாவையும் அவரே எடுத்தார்.

அதை மேலதிகாரிக்குக் கொடுப்பதற்கு முன்னால் முட்டைக்காரர் மனைவியிடம் சொல்ல வேண்டும் என்று போனேன். வராந்தாவில் அதே நீல மேலங்கியோடு உட்கார்ந்திருந்தார். நின்றபடியே சொன்னேன். வயர்லெஸ்ஸில் சொன்னது நான். அவர்தான் என்று தெரிந்தே சொன்னேன், சீட்டு வாங்கட்டும் என்று. அடித்தவர்கள் யார், எத்தனை அடி, எங்கே எங்கே. ஒன்றையும் மறைக்கவில்லை. அந்தப் பெண் எழுந்து என்னை அறைந்தார். இஸ்திரிப்பெட்டி பிடித்துப் பிடித்துக் காய்த்த கை. இரண்டாவது அறையில் உதடு கிழிந்தது. மூன்றாவது, நான்காவது. நான் கையைத் தூக்கவில்லை. ஐந்தாவதுக்கு ஓங்கிய கை நின்றுவிட்டது.

"தங்கச்சி, தங்கச்சின்னு வீட்ல வந்து சொல்லுவாரு. அது நீங்கதானா?" என்றார்.

"நான்தான் அண்ணி."

"இதை எல்லாம் எழுத்துல கொடுப்பீங்களா?"

"கொடுத்துட்டுத்தான் வருவேன்."

கொடுத்தேன். விசாரணைக்கு வெளியூரிலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தார். நான்கு பேருக்கும் வேலை போனது, கைதும் ஆனார்கள். எனக்கும் விசாரணை நடந்தது. நியாயம்தான். பத்தாவது நாள் கட்டில் சங்கிலியைக் கழற்றினார்கள், காவலுக்கு இருந்தவனும் போனான். முட்டைக்காரர் மேல் போட்ட வழக்கு தள்ளுபடி. இனி அவர் கண் விழித்தால் போதும் என்று இருந்தேன். விழித்ததும் முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டும், அவர் பொருந்தாத பழமொழி ஒன்றைச் சொல்லிச் சிரிப்பார், அப்புறம் நான் மனுஷியாகிவிடுவேன் என்று ஒரு கணக்குப் போட்டிருந்தேன்.

பத்தொன்பதாம் நாள் கடைசி விசாரணை. சீருடையில்தான் வர வேண்டும் என்று உத்தரவு. முடிந்து வெளியே வரும்போது அண்ணி போன் செய்தார். "கண்ணு முழிச்சிட்டாரு. தண்ணி கேட்டாரு." உடை மாற்றக்கூட எனக்குத் தோன்றவில்லை. அப்படியே ஓடினேன்.

ஆறு கட்டில் போட்ட அறை. ஜன்னலோரக் கட்டிலில் தலையணைக்குச் சாய்ந்து உட்கார வைத்திருந்தார்கள். பாதியாக இளைத்திருந்தார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. அண்ணி கரண்டியால் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே" என்றேன்.

அவர் திரும்பினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. சட்டையைப் பார்த்தார், தோள்பட்டையைப் பார்த்தார், இடுப்பு பெல்ட்டைப் பார்த்தார். கரண்டியைத் தட்டிவிட்டு இடது கையைத் தூக்கித் தலையை மூடினார். வலது கை எழவில்லை. அது செத்த கை, இனி வராது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இடது கையை இறக்கி, அந்தச் செத்த கையை மணிக்கட்டில் பிடித்துத் தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டார். அது சரிந்தது. மறுபடி தூக்கி வைத்தார்.

"நான்தான் அண்ணே. தங்கச்சி. பாலத்துல நிப்பேனே, அந்தத் தங்கச்சி."

"போட்டுக்கறேன் ஐயா" என்றார். குழறியது, ஆனால் புரிந்தது. "இனிமே போட்டுக்கறேன் ஐயா. அடிக்காதீங்க ஐயா."

நான் ஓர் அடி முன்னால் வைத்தேன். அவர் முழங்காலை மடக்கிச் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார். கட்டில் ஆடியது. சரிந்த கையை மூன்றாவது தடவையாகத் தூக்கிக்கொண்டிருந்தார்.

அண்ணி எழுந்து எனக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றார். கோபமே இல்லாமல்தான் சொன்னார்.

"நீங்க போங்க. நீங்க இங்க நின்னா அவரு கையை எடுக்க மாட்டாரு."